குடலிறக்கம்: மறைக்க வேண்டிய நோயா?

விடியற்காலையில் பொம்மையார்பாளையத்துக் கடற்கரையில் போய் நின்று பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் நன்றாக விளங்கும். மனித தேகம் எவ்வளவு பாரத்தைத் தாங்கக்கூடியது என்பதே அது. இரவெல்லாம் கடலில் கிடந்த படகு கரை தட்டுகிறது. பத்துப் பேர் இரு புறமும் நின்று, மூச்சை அடக்கி, தோள் கொடுத்து அதை மேட்டில் ஏற்றுகிறார்கள். புதுச்சேரித் துறைமுகத்தின் தடுப்புச் சுவர்கள் எழுந்த பிறகு இந்த வடகரையைக் கடல் அரித்துக்கொண்டே வருகிறது. பரந்து கிடந்த மணல் சுருங்கிவிட்டது. ஆகவே படகு ஏற்றும் வேலையும் முன்னைவிடக் கடினமாகிவிட்டது. இதே சாலையில் வடக்கே சென்றால் மரக்காணத்து உப்பளங்கள். அங்கே ஈர உப்பைக் கூடையில் வாரித் தலையில் சுமந்து, வழுக்கும் வரப்பின்மேல் ஆணும் பெண்ணும் நாள் முழுவதும் நடக்கிறார்கள். நம் வீட்டு ஊறுகாய் ஜாடியில் விழும் ஒரு பிடி உப்பும், குழம்பில் விழும் ஒரு துண்டு மீனும் இப்படித்தான் வந்து சேர்கின்றன.

அந்தக் கூட்டத்தைச் சற்று உற்றுப் பார்த்தால் மற்றொன்றும் கண்ணில் படும். படகைத் தள்ளி முடித்தவுடன் எவரேனும் ஒருவர் ஒதுங்கிப் போய், முகத்தைத் திருப்பிக்கொண்டு, இடுப்புத் துண்டுக்குள் கையை வைத்து அடிவயிற்றை அழுத்திக்கொண்டு நிற்பார். யாராவது விசாரித்தால், “ஒண்ணுமில்லே, சும்மா” என்று சொல்லிவிட்டு நடந்துவிடுவார். அந்தச் “சும்மா”வைப் பற்றியே இந்தக் கட்டுரையை எழுதுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஐப்பசி மாதத்து இரவு. மழை கொட்டிக்கொண்டிருந்தது. நம்மிடம் ஒன்பதாம் வகுப்பில் படித்துவந்த பையன் ஒருவன் வந்து கதவைத் தட்டினான்.

“சார், எங்கப்பாவுக்கு வயித்து வலி. நாலு தடவை வாந்தி எடுத்துட்டாரு. அம்மா உங்களைக் கூட்டியாரச் சொல்லிச்சு” என்றான்.

போய்ப் பார்த்தோம். கடலில் புயலையும் சுறாவையும் கண்டு கலங்காத மனிதர், பாயில் முழங்காலை மடக்கிக்கொண்டு சுருண்டு கிடந்தார். நம்மைக் கண்டதும் எழுந்து உட்கார முயன்றார்.

“ஒண்ணுமில்லீங்க ஐயா, வாயுவா இருக்கும். கஷாயம் குடிச்சிருக்கேன்” என்றார்.

அவர் மனைவி அழுதுகொண்டே, “வாயு இல்லீங்க சார். குடல் எறங்கி இருக்கு. எப்பவும் படுத்தா உள்ளே போயிடும், மத்தியானத்திலேருந்து போவலே. யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு என்கிட்டச் சத்தியம் வாங்கிக்கிட்டாரு” என்று உண்மையைப் போட்டு உடைத்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர், “எத்தனை வருஷமாக இந்த வீக்கம் இருக்கிறது?” என்று கேட்டார். நம் நண்பர் சுவரைப் பார்த்தபடியே, “ஒம்போது வருஷமுங்க” என்றார். அன்றிரவே வயிற்றைத் திறந்தார்கள். சிக்கிக்கொண்ட குடலில் ஒரு சாண் நீளம் இரத்தம் ஓடாமல் கறுத்துப் போயிருந்தது. அதை அறுத்து எடுத்துவிட்டு, நல்ல பாகத்தின் இரு முனைகளையும் சேர்த்துத் தைத்தார்கள். உயிர் பிழைத்தார். ஆனால் மூன்று மாதம் கடலுக்குப் போக முடியவில்லை. வலை அடகுக்குப் போயிற்று. பையன் அரையாண்டுப் பரீட்சையை விட்டுவிட்டு மீன் ஏலம் போடுமிடத்தில் பெட்டி தூக்கப் போனான்.

ஒன்பது வருஷத்தில் ஏதாவது ஒரு நாள் அந்த மனிதர் ஒரு டாக்டரிடம் வாய் திறந்திருந்தால் இத்தனையும் நேர்ந்திராது. ஏன் திறக்கவில்லை? வெட்கம், பயம் என்ற இரண்டுதான் காரணம். அறிவு வந்தால் இவ்விரண்டும் பெரும்பாலும் விலகும் என்பது பள்ளிக்கூட வாத்தியாராகிய நமது நம்பிக்கை. ஆகையால் குடும்பத்தார் கூடி வாசிக்கும் பத்திரிகை என்று தயங்காமல், சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடத் துணிந்தோம்.

வயிற்றுச் சுவரில் ஒரு வாசல்

சைக்கிள் டயரில் ஓரிடம் தேய்ந்து பிளந்துவிட்டால், உள்ளிருக்கும் டியூப் அந்தப் பிளவு வழியாகக் குமிழ் போல் வெளியே பிதுங்குவதை நேயர்கள் கண்டிருப்பார்கள். டாக்டர்கள் ‘ஹெர்னியா’ என்று சொல்லும் குடலிறக்கமும் அத்தகையதே. நமது வயிற்றைச் சுற்றிலும் தசையும், தசைநாரும், சவ்வும் சேர்ந்து ஒரு சுவராக அமைந்திருக்கின்றன. அந்தச் சுவர் ஓரிடத்தில் பலவீனப்பட்டால், உள்ளிருக்கும் சவ்வு ஒரு பையைப் போல் அந்த வழியாக வெளியே தள்ளுகிறது. அந்தப் பைக்குள் கொழுப்பு நுழையும். சில சமயம் குடலும் நுழையும்.

எல்லா இடத்திலும் சுவர் ஒரே உறுதியுடன் இருப்பதில்லை. அடிவயிறும் தொடையும் கூடும் இடம் ஆண்களுக்கு இயற்கையாகவே சற்றுப் பலவீனமானது. கருப்பையில் இருக்கும்போது ஆண் சிசுவின் விரைகள் வயிற்றுக்குள்தான் உண்டாகின்றன. பிறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன்னர் அவை அடிவயிற்றுச் சுவரில் உள்ள ஒரு சாய்வான கால்வாய் வழியாகக் கீழே இறங்குகின்றன. இறங்கும்போது வயிற்றுச் சவ்வின் ஒரு நீட்சியையும் உடன் இழுத்துச் செல்கின்றன. அந்த வழி பிறகு அடைபட வேண்டும். சிலருக்கு அது முழுவதும் அடைபடுவதில்லை. வாசற்கதவு ஒருக்களித்தே இருந்துவிடுகிறது. அந்த வழியில் குடல் இறங்குவது பச்சைக் குழந்தையிலும் நேரலாம். நாற்பது வயதிலும் நேரலாம். வேறு சிலருக்கு வயது ஏற ஏறச் சுவரே நைந்து, நேராகப் பிதுங்குகிறது.

இதனால்தான் தொடையிடுக்குக் குடலிறக்கம் ஆண்களிடையே மிகுதி. தம் ஆயுட்காலத்தில் ஏறத்தாழ நாலு ஆண்களில் ஒருவருக்கு இது வருவதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். இவ்வளவு சாதாரணமான ஒன்றை ஒவ்வொருவரும் தமக்கு மட்டும் நேர்ந்த அவமானமாக எண்ணி மூடி மறைப்பதுதான் விந்தை! ஆண்மைக் குறைவுக்கோ, தீய ஒழுக்கத்துக்கோ இதனுடன் ஒரு சம்பந்தமும் இல்லை.

பெண்களும் தப்பவில்லை. தொடையின் மேற்பகுதியில், இரத்தக் குழாய் செல்லும் வழியை ஒட்டி இறங்கும் ஒரு வகை அவர்களுக்கே அதிகம் வருகிறது. வீக்கம் சிறிய எலுமிச்சை அளவே இருக்கலாம். ஆனால் வழி குறுகியதாகையால் குடல் சிக்கிக்கொள்ளும் அபாயம் இதில் பெரிது. பிரசவத்துக்காகவோ வேறு காரணத்துக்காகவோ வயிற்றில் ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்குப் பழைய தழும்பின் வழியாகக் குடல் பிதுங்குவதும் உண்டு.

கைக்குழந்தைகளின் தொப்புள் புடைத்துக்கொள்வது வேறொரு வகை. அநேகமாக நான்கைந்து வயதுக்குள் அது தானே மூடிக்கொள்ளும். பாட்டிமார் அதன்மேல் காசை வைத்துக் கட்டுவது வழக்கம். அதனால் பலன் ஒன்றும் இல்லை. தோல் புண்ணாவதுதான் மிச்சம். ஆனால் குழந்தையின் தொடையிடுக்கில் வீக்கம் தோன்றினால் அதைத் தொப்புள் வீக்கத்தைப் போல் எண்ணிக் காத்திருக்கவே கூடாது. அது தானே மூடுவதில்லை. குழந்தைகளுக்குக் குடல் சிக்கிக்கொள்வதும் எளிது. குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கு இது அதிகம். உடனே டாக்டரிடம் காட்டிவிட வேண்டும்.

இரண்டு வீக்கங்கள்

நம் கடற்கரையில் இந்த நோயைப் பற்றிய குழப்பத்துக்கு மற்றொரு காரணமும் இருக்கிறது. விரைப்பை வீங்கினால் எல்லாவற்றையும் ‘ஓதம்’ என்றும் ‘அண்டவாதம்’ என்றும் ஒரே பெயரால் சொல்லிவிடுவார்கள். உண்மையில் இரண்டு வேறு வியாதிகள் இந்தப் பெயருக்குள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று குடலிறக்கம். மற்றது விரையைச் சுற்றி நீர் கட்டுவது.

நீர் கட்டுவதற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றுள் ஒன்று, யானைக்கால் வியாதியைப் பரப்பும் நுண்புழு. தேங்கிய சாக்கடை நீரில் பெருகும் கொசு அந்தப் புழுவை ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குக் கொண்டுபோகிறது. புதுச்சேரிப் பிரதேசத்தில் இந்த வியாதி நெடுங்காலம் வேரூன்றியிருந்தது. கொசு முதலிய நோய்ப்பரப்பிகளை ஆராய்வதற்கென்றே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1975-இல் புதுச்சேரியில் ஒரு நிலையத்தை நிறுவியது. 1981 முதல் 1985 வரை அந்நகரில் கொசுவை ஒடுக்கி யானைக்கால் வியாதியைத் தடுக்கும் பெரு முயற்சியையும் அது நடத்தியது. ஆகவே இந்தக் கரையில் விரைவீக்கம் கண்ட ஒருவர், “இது ஓதந்தானே, எங்கள் தாத்தாவுக்கும் இருந்தது” என்று சும்மா இருந்துவிடுவதில் வியப்பில்லை.

இரண்டையும் பிரித்தறிய டாக்டர்கள் கையாளும் முறை எளிது. குடலிறக்கம் நின்றால் தெரியும், இருமினால் துள்ளும், படுத்தால் பெரும்பாலும் மறையும். வீக்கத்தின் மேல்முனை அடிவயிற்றுக்குள் சென்று சேரும். நீர்க்கட்டோ படுத்தாலும் பெரும்பாலும் மாறாது, இருமலுக்கு அசையாது. இருட்டறையில் டார்ச்சு விளக்கை வைத்துப் பார்த்தால் உள்ளிருக்கும் நீர் வழியே ஒளி ஊடுருவிச் சிவந்து தெரியும். ஆனால் இந்தச் சோதனைகளை வீட்டிலேயே செய்து பார்த்துத் தீர்ப்புச் சொல்லிவிடலாகாது. இரண்டும் ஒருவருக்கே சேர்ந்து இருப்பதும் உண்டு. டாக்டர் கையால் தொட்டுப் பார்த்தும், தேவைப்பட்டால் ஸ்கேன் எடுத்தும் நிச்சயிப்பார்.

பாரம் மட்டுமா காரணம்?

“அன்றைக்கு அந்த மூட்டையைத் தூக்கினேன், அதிலிருந்து வந்தது” என்று பலர் நாளையும் நேரத்தையும் குறிப்பிட்டுச் சொல்வார்கள். அது முழு உண்மையல்ல. சுவர் முன்பே பலவீனப்பட்டிருந்தது; அன்றைய பாரம் அதை வெளிக்காட்டியது, அவ்வளவுதான். உப்பளத்தில் வரப்பு உடைவதைக் கண்டவர்களுக்கு இது எளிதில் புரியும். வரப்பில் நண்டு வளை தோண்டி வெகு நாளாயிருக்கும். தண்ணீர் கட்டிய நாளில்தான் உடைப்பு கண்ணுக்குத் தெரிகிறது.

எனவே இரண்டு சங்கதிகள் சேர வேண்டும். முதலாவது, சுவரின் பலவீனம். இது பிறவியிலேயே அமைந்ததாக இருக்கலாம், குடும்பவழியாக வரலாம், முதுமையால் வரலாம். இரண்டாவது, உள்ளிருந்து வரும் அழுத்தம். பாரம் தூக்குவது அதில் ஒன்று. ஓயாத இருமல் மற்றொன்று. நாளெல்லாம் பீடி புகைப்பவர் காலையில் எழுந்து இருமும் இருமல் ஒவ்வொன்றும் வயிற்றுச் சுவரில் விழும் ஓர் அடி. அதோடு, புகை தசைநாரின் உறுதியையே குறைக்கிறது. ஆபரேஷன் செய்த காயம் ஆறுவதையும் தடுக்கிறது. மலச்சிக்கலால் முக்குவது, வயதான காலத்தில் சிறுநீர் இறங்காமல் முக்குவது, வயிற்றில் நீர் கட்டுவது, அடுத்தடுத்துப் பிள்ளைப்பேறு, அளவுக்கு மிஞ்சிய உடற்பருமன் ஆகிய யாவும் இந்த அழுத்தத்தில் சேர்ந்தவை. நாற்காலியில் உட்கார்ந்தே காலம் கழிக்கும் குமாஸ்தாவுக்கும் குடலிறக்கம் வருவதன் மர்மம் இதுதான்.

இதனால் ஓர் உபயோகமும் உண்டு. பிறவிப் பலவீனத்தை நம்மால் மாற்ற முடியாது. அழுத்தத்தைக் குறைக்க முடியும். பீடியை விடலாம், நெடுநாள் இருமலுக்குக் காரணம் கண்டு மருந்துண்ணலாம், கீரையும் பழமும் தண்ணீரும் தாராளமாகச் சேர்த்து மலச்சிக்கலைப் போக்கலாம், பாரத்தைத் தனியொருவராகத் தூக்காமல் இருவராகத் தூக்கலாம். நெடுநாள் இருமலோ, சிறுநீர்த் தடையோ இருப்பவர் அதை முதலில் சரிப்படுத்திக்கொள்ளாமல் குடலிறக்கத்தை மட்டும் தைத்துக்கொண்டால், தையலுக்கு மறுபடியும் சோதனைதான்.

அறிகுறியும் அபாயக் குறியும்

ஆரம்பத்தில் வலி இருக்க வேண்டும் என்பதில்லை. குளிக்கும்போது அடிவயிற்றின் ஒரு பக்கத்தில் சிறு புடைப்பு கைக்குத் தட்டுப்படும். வலப்பக்கத்தில் வருவது சற்று அதிகம்; இரு பக்கமும் வருவதும் உண்டு. நெடுநேரம் நின்றாலும், பாரம் தூக்கினாலும், மாலை நேரம் ஆனாலும் அது பெரிதாகும். இழுப்பது போலவும், கனப்பது போலவும் ஒரு வேதனை இருக்கும். படுத்தால் அது போய்விடும். போய்விடுகிறதே என்றுதான் மனிதர்கள் ஏமாந்துபோகிறார்கள். கள்ளன் கொல்லைப்புறம் போய்விட்டான் என்பதற்காக வீட்டைத் திறந்துபோட்டுவிட்டுத் தூங்குவார் உண்டோ?

இப்போது அபாயத்தைச் சொல்லுகிறோம். நேயர்கள் இந்தப் பகுதியை மட்டுமாவது தம் வீட்டாருக்கு வாய்விட்டு வாசித்துக் காட்ட வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம்.

வழக்கமாக உள்ளே போகும் வீக்கம் ஒரு நாள் போகாமல் நின்றுவிடும். அது கல்லைப் போல் இறுகும். தொட்டால் தாங்க முடியாத வலி எடுக்கும். மேல்தோல் சிவந்தோ கருத்தோ போகலாம். வாந்தி தொடங்கும், வயிறு உப்பும், மலமும் வாயுவும் பிரியாமல் நின்றுபோகும். காய்ச்சலும் வரலாம். குடல் குறுகிய வாசலில் நெரிபட்டு, அதற்குச் செல்லும் இரத்தம் தடைப்பட்டுவிட்டது என்பதே இதன் பொருள். இரத்தம் இல்லாத குடல் சில மணி நேரத்தில் அழுகத் தொடங்கும். அழுகிய குடல் பொத்துக்கொண்டால் வயிறு முழுவதும் விஷம் பரவும்.

இந்நிலையில் செய்யத் தகாதவை மூன்று. பலங்கொண்ட மட்டும் அழுத்தி உள்ளே தள்ளுவது முதலாவது. பேதிக்கோ வாயுவுக்கோ மருந்து கொடுப்பது இரண்டாவது. “விடியட்டும், பார்க்கலாம்” என்பது மூன்றாவது. மூன்றாவதுதான் மிகவும் கொடியது. செய்ய வேண்டியது ஒன்றே. உண்ணவும் குடிக்கவும் எதுவும் கொடாமல், ஆபரேஷன் வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கு அந்த நேரத்திலேயே கொண்டுபோக வேண்டும். 108 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் ஆம்புலன்ஸ் வண்டி வரும். நடுராத்திரியா, மழையா, தீபாவளியா என்று பார்க்கலாகாது.

பெல்ட்டும் பச்சிலையும்

நம் நண்பர் அந்த ஒன்பது வருஷமும் ஒன்றும் செய்யாமல் இருந்துவிடவில்லை. சந்தையில் ஒருவர் சொன்ன பச்சிலையை அரைத்துப் பற்றுப் போட்டார். ஒரு கடையில் ‘குடலிறக்கப் பெல்ட்’ ஒன்றை வாங்கி வேட்டிக்கடியில் கட்டிக்கொண்டார். கடைக்காரர் ஆறு மாதத்தில் வாசல் மூடிவிடும் என்று உறுதி சொன்னாராம். பெல்ட் வீக்கத்தை வெளியே தெரியாமல் அமுக்கி வைக்கும், ஓட்டையை அடைக்காது. குடல் உள்ளே போகாதபோது அதன்மேல் பெல்ட்டை இறுக்குவது ஆபத்தும்கூட. மருந்தும் பற்றும் தேகப்பயிற்சியும் வேறு பல நோய்களுக்கு நல்லவையாக இருக்கலாம். கிழிந்த வலையைத் தைலம் பூசி ஒட்டவைக்க முடியுமா? கண்ணைப் பின்னித்தான் ஆக வேண்டும். பெரியவர்களின் குடலிறக்கத்துக்கு ரண சிகிச்சை ஒன்றே பரிகாரம்.

இதனால் ஒவ்வொருவரும் நாளையே கத்திக்குப் போக வேண்டும் என்பதில்லை. தொந்தரவு அதிகமில்லாத ஆண்கள் டாக்டரின் மேற்பார்வையில் காத்திருக்கலாமா என்று அமெரிக்காவில் ஆராய்ந்து, 2006-இல் முடிவை வெளியிட்டார்கள். காத்திருந்தவர்களுக்குக் குடல் நெரிபடுவது மிக அரிதாகவே நேர்ந்தது. ஆனால் இரண்டு ஆண்டுகளில் அவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவரும், பத்து ஆண்டுகளில் மூன்றில் இருவரும் வலி மிகுந்து, தாமே வந்து ஆபரேஷன் செய்துகொண்டார்கள். ஆகவே காத்திருப்பது தவறல்ல. டாக்டருக்குத் தெரியாமல் காத்திருப்பதே தவறு. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இந்தக் காத்திருப்பு பொருந்தாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். கடலிலும் உப்பளத்திலும் பாரம் இழுத்தே பிழைப்பவர்கள், ஓய்வு நாட்களைத் தாமே தேர்ந்துகொண்டு நிதானமாகச் செய்துகொள்வது நல்லது. மீன்பிடித் தடைக்காலத்தில் செய்துகொள்ளும் ஆபரேஷனுக்கும், நெரிபட்ட இரவில் செய்யும் ஆபரேஷனுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

கத்திக்கு அஞ்சுதல்

கத்தி என்றதும் நம்மவர்களுக்கு நடுக்கம் பிறக்கிறது. அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. இயற்கை வைத்தியத்தில் பெரும் பற்றுக் கொண்டிருந்தவரும், மேனாட்டு மருத்துவத்தைக் கண்டித்து எழுதியவருமான மகாத்மா காந்திக்கே இந்தச் சோதனை வந்தது. எரவாடா சிறையில் இருந்தபோது அவருக்குக் குடல்வால் அழற்சி கண்டது. 1924-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 12-ஆம் தேதி இரவு, புனா நகரின் ஸாஸூன் ஆஸ்பத்திரியில் கர்னல் மாடக் என்ற ஆங்கிலேய டாக்டர் அவருக்கு ஆபரேஷன் செய்தார். நடுவில் மின்சார விளக்கு அணைந்துபோய், அரிக்கேன் விளக்கின் வெளிச்சத்தில் வேலையை முடித்தார்கள். காந்திஜி பிழைத்தார்; அடுத்த மாதமே விடுதலையும் பெற்றார். கொள்கைக்கும் உயிருக்கும் இடையே நெருக்கடி வந்தபோது, அவர் தேகத்தை டாக்டரின் கையில் ஒப்படைக்கத் தயங்கவில்லை. அவருடையது வேறு நோய்தான். ஆயினும் அரிக்கேன் வெளிச்சத்தில் அவர் காட்டிய தைரியத்தில் நாலில் ஒரு பங்கு நமக்கு இருந்தால் போதும். இன்று விளக்குகளும் மயக்க மருந்தும் எவ்வளவோ முன்னேறியிருக்கின்றன.

கொசுவலைத் துண்டு

குடலிறக்கத்தைத் தைக்கும் கலை வளர்ந்த வரலாறு சுவையானது. இத்தாலியில் பாதுவா நகரில் இருந்த எதுவார்தோ பஸ்ஸினி என்ற ரணவைத்தியர், தொடையிடுக்குக் கால்வாயின் அமைப்பை நன்கு ஆராய்ந்து, அதன் சுவரைப் படலம் படலமாகத் தைத்துப் பலப்படுத்தும் முறையை 1887-இல் உலகுக்கு அறிவித்தார். அதற்குமுன் தைத்தவை பெரும்பாலும் மறுபடி பிரிந்துகொண்டிருந்தன. பஸ்ஸினியின் முறை பெரிய முன்னேற்றம். ஆயினும் அதிலும் ஒரு குறை இருந்தது. விலகி நிற்கும் இரு கரைகளையும் பலவந்தமாக இழுத்துச் சேர்த்துத் தைப்பதால், தையல் எப்போதும் விறைத்தே நிற்கும். நைந்த துணியை இழுத்துத் தைத்தால் தையலுக்கு அருகிலேயே மறுபடி கிழிவதில்லையா?

நைந்த துணிக்கு ஒட்டுப் போடுவதுதான் இல்லத்தரசியரின் யுக்தி. டாக்டர்களும் கடைசியில் அங்கேயே வந்து சேர்ந்தார்கள். உடலுக்குள் அழுகாத செயற்கை இழையால் பின்னிய வலையை அமெரிக்க ரணவைத்தியர் பிரான்ஸிஸ் அஷர் 1950-களின் இறுதியில் வழக்கத்துக்குக் கொண்டுவந்தார். இழுக்காமல், விறைப்பில்லாமல் வலையை ஒட்டாக வைத்துத் தைக்கும் முறையை லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் லிக்டென்ஸ்டைன் என்பவர் 1980-களில் பரப்பினார். வலையின் கண்கள் வழியாக உடலின் சொந்தத் திசு வளர்ந்து, வலையும் தசையும் ஒன்றாகிவிடுகின்றன.

ஆனால் இந்த வலையின் விலை ஏழைக்கு எட்டாததாக இருந்தது. இவ்விடத்தில்தான் நம் நாட்டுக் கிராமத்து டாக்டர் ஒருவர் வருகிறார். மகாராஷ்டிரத்தில் தோண்டாயிச்சா என்ற சிற்றூரில் தொழில் செய்துவந்தவர் டாக்டர் ரவீந்திரநாத் தோங்காவ்ங்கர். விலை உயர்ந்த அந்த வலையையும் சாதாரணக் கொசுவலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டும் செயற்கை இழை. இரண்டிலும் சிறு கண்கள். தக்க கொசுவலைத் துணியைத் தேர்ந்து, துண்டுகளாக நறுக்கி, நீராவிக் கலத்தில் கிருமி நீக்கி, ஆபரேஷனில் பயன்படுத்தினார். வேறு ஊர்களில் இருந்த டாக்டர்களும் அவருடன் சேர்ந்து சோதித்தார்கள். பலன்களை 2003-இல் இந்திய ரணசிகிச்சைச் சஞ்சிகையில் வெளியிட்டார்கள். ஒரு துண்டுக்கு ஆன செலவு சில ரூபாய்களே.

உலகம் முதலில் சந்தேகத்துடன் பார்த்தது இயற்கையே. பிறகு ஆப்பிரிக்காவில் உகாண்டா தேசத்தில் 302 ஆண்களைச் சோதனைக்கு எடுத்துக்கொண்டார்கள். ஒரு பாதிப் பேருக்கு மருத்துவக் கம்பெனியின் வலை. மறு பாதிக்குக் கிருமி நீக்கிய கொசுவலை. ஓர் ஆண்டு கழித்துப் பார்த்ததில் இரண்டு கூட்டத்தாருக்கும் குறிப்பிடத்தக்க வேற்றுமை இல்லை. கொசுவலைக் கூட்டத்தில் ஒரே ஒருவருக்கு மட்டுமே நோய் திரும்பியிருந்தது. 2016-இல் இந்த முடிவு அமெரிக்காவின் புகழ்பெற்ற வைத்தியப் பத்திரிகையில் வெளியாயிற்று. தோண்டாயிச்சாவில் தோன்றிய யோசனை உலகத்தின் சபையில் ஏறி நின்றது! கட்டிலின்மேல் கட்டினால் கொசுவைத் தடுக்கும் வலை, தக்க கையில் சேர்ந்தால் வயிற்றுச் சுவரையும் காக்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. எல்லாக் கொசுவலையும் இதற்கு ஆகாது. பூச்சிமருந்து தோய்த்த வலையும், அதிக வெப்பத்தில் சுருங்கும் வலையும் உண்டு. எந்த வலை தகும் என்பது தேர்ந்த டாக்டர்களின் தீர்மானம். நம் மருத்துவமனைகளில் இதற்கெனவே தயாரித்த வலைகளே சாதாரணமாக உபயோகத்தில் உள்ளன.

ஆபரேஷனும் அதற்குப் பின்னும்

எளிய குடலிறக்கத்துக்கு அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்தோ, இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்தோ ஆபரேஷன் செய்யலாம். சிறு துவாரங்கள் இட்டுக் குழல் வழியே பார்த்துச் செய்யும் முறையும் உண்டு. அதற்கு முழு மயக்கம் வேண்டும். சாதாரணமாக ஒரு மணி நேர அளவில் முடிந்துவிடும். பலர் அன்றோ மறுநாளோ எழுந்து நடக்கிறார்கள். நடப்பதே நல்லது, படுத்தே கிடப்பதல்ல. பாரமான வேலைக்கு நான்கு முதல் ஆறு வாரம் வரை, டாக்டர் சொல்லும் வரையில், போகலாகாது. சிலருக்குத் தையலிட்ட இடத்தில் வலி மாதக்கணக்கில் நீடிப்பதும், எப்போதாவது நோய் திரும்புவதும் உண்டு. இதை முன்னரே டாக்டரிடம் கேட்டுத் தெளிவது நல்லது.

பணத்துக்கு என்ன செய்வது என்று கேட்கலாம். அரசினர் ஆஸ்பத்திரிகளில் இந்த ஆபரேஷனை ஏழைகளுக்கு இலவசமாகச் செய்கிறார்கள். இந்தக் கரைக்கு விழுப்புரத்தை அடுத்த முண்டியம்பாக்கத்தில் அரசினர் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. புதுச்சேரியில் ஜிப்மர் இருக்கிறது. 1823-இல் பிரெஞ்சுக்காரர் தொடங்கிய வைத்தியப் பள்ளியின் வழி வந்தது அது. முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை உடையவர்கள், தமக்கு உரிய சலுகை எது என்று மருத்துவமனையிலேயே விசாரித்துக்கொள்ளலாம்.

நம் நண்பரின் கதையை முடிக்கவேண்டும். வலை அடகிலிருந்து மீண்டது. பையன் அடுத்த ஆனியில் மறுபடி பள்ளிக்கு வந்தான். ஒரு வருஷம் பின்தங்கியதே தவிரப் படிப்பை விடவில்லை. தகப்பனார் மீண்டும் கடலுக்குப் போகிறார். சென்ற கோடையில் ஒரு நாள் காலை கரையில் அவரைக் கண்டோம். படகை ஏற்றிவிட்டு ஓர் இளைஞன் ஒதுங்கி நின்று அடிவயிற்றை அழுத்திக்கொண்டிருந்தான். நம் நண்பர் நேரே அவனிடம் போனார்.

“என்னடா தம்பி, சும்மாவா?” என்றார்.

“சும்மாதாண்ணே.”

“நானும் ஒம்போது வருஷம் சும்மான்னுதான் சொன்னேன். இங்கே பாரு” என்று வேட்டியைச் சற்றே தளர்த்தி, தொப்புளிலிருந்து கீழே ஓடிய நீண்ட தழும்பைப் பத்துப் பேர் நடுவில் காட்டினார். “உனக்கு இத்தனை நீளம் வேணாம். சின்னதாவே முடிச்சுக்கலாம். திங்கக்கிழமை நானே கூட வர்றேன்” என்றார்.

அந்த இளைஞன் முதலில் நாணித் தலை குனிந்தான். திங்கட்கிழமை காலையில் இருவரும் பஸ்ஸுக்காகச் சாலையோரம் நின்றுகொண்டிருந்ததை, நாம் பள்ளிக்கூடம் போகும் வழியில் பார்த்தோம்.